ஒரு பக்கம் ஓடுகிறது, மறுபக்கம் உறங்குகிறது... புது மாங்கன்றுக்குள் என்ன நடக்கிறது தெரியுமா?

நர்சரியில் பார்த்துப் பார்த்து வாங்கிய ஒட்டு மாங்கன்று. இமாம்பசந்த் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். குழி எடுத்து, மட்கிய எரு போட்டு, நட்டு, தண்ணீர் விட்டு நாலைந்து மாதம் ஆகிறது. கிழக்கே போன கிளை இரண்டடி நீண்டுவிட்டது. மேற்கே இருப்பதோ வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே நிற்கிறது! வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "என்னங்க, கன்னு கோணலா வருதே, ஏமாத்திட்டாங்களோ?" என்கிறார்கள். கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடுகிறது.

கொஞ்சம் பொறுங்கள்! அந்தச் சின்னக் கன்றுக்குள் இப்போது என்னென்ன நடக்கிறது என்று தெரிந்தால், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவீர்கள்.

முளைக்கத் தயாராக, ஆனால் முளைக்காமல்!

ஒவ்வோர் இலைக் காம்பும் தண்டோடு சேரும் இடத்தில் ஒரு கண் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் கடுகளவு தெரியும். அது ஒவ்வொன்றும் ஒரு முழுக் கிளையாக ஆகக்கூடியது! அப்படியானால் கன்றில் இலை இருக்கும் இடமெல்லாம் கிளை வெடித்திருக்க வேண்டுமே, ஏன் வெடிக்கவில்லை? நுனி விடுவதில்லை. வளரும் நுனியிலிருந்து ஆக்சின் என்ற பொருள் தண்டு வழியாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது இறங்கும் வரை கீழே உள்ள கண்கள் பெரும்பாலும் உறங்கும்.

இந்த ஆக்சினைக் கண்டுபிடித்த கதையே ஒரு வியப்பு. பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வின், தம் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து புல் நாற்றுகளை வைத்துப் பரிசோதனை செய்தார். நாற்றின் நுனிக்கு மட்டும் மூடி போட்டால் அது வெளிச்சம் வரும் பக்கம் வளைவதே இல்லை! வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி. அப்படியானால் நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே போகிறது. 1880-ல் புத்தகமாகவே எழுதிவிட்டார்கள். அந்த "ஏதோ ஒன்று" கையில் சிக்க இன்னும் நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. 1920-களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பிரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர் ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி, அகார் துண்டின் மேல் வைத்தார். அகார் வேறொன்றுமில்லை, நம் வீடுகளில் கடல்பாசி காய்ச்சுகிறோமே, அதே சரக்குதான். பிறகு நுனியை எடுத்துவிட்டு அந்தக் கடல்பாசித் துண்டை மட்டும் வெட்டுப்பட்ட நாற்றின் ஒரு ஓரத்தில் வைத்தார். நாற்று வளைந்தது! நுனியே இல்லை, நுனி கசியவிட்ட சாறு மட்டும் இருக்கிறது, அதற்கே வளைந்தது!

1930-களில் அமெரிக்காவில் கென்னத் திமான், ஃபோக் ஸ்கூக் இருவரும் ஒரு மொச்சை இனச் செடியின் நுனியைக் கிள்ளினார்கள். பக்கக் கண்கள் விழித்தன. கிள்ளிய இடத்தில் ஆக்சினை வைத்தார்கள். கண்கள் மறுபடி அடங்கின!

இதில் நம்மை நிமிர வைக்கும் செய்தி ஒன்று உண்டு. நம் விவசாயிகள் இந்தப் பெயர் எதுவும் தெரியாமலே இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். சாமந்தியில் நுனி கிள்ளுகிறார்கள், துவரையில் கிள்ளுகிறார்கள், மல்லிகையை வருஷா வருஷம் கவாத்து செய்கிறார்கள். எல்லாம் அந்த ஒரே நுனியின் ஆட்சியை முடித்து, உறங்கும் கண்களை எழுப்பத்தான்.

உங்கள் கன்றில் கிழக்குக் கிளையின் நுனி முந்திக்கொண்டது. அது இறக்கும் ஆக்சின் மற்றக் கண்களை அடக்குகிறது. அது முந்த முந்த அதற்கு இலை கூடுகிறது, இலை கூடக்கூட இன்னும் முந்துகிறது. முதல் வாரத்தில் இருந்த அரை அங்குல வித்தியாசம் ஐந்தாம் மாதத்தில் இரண்டடியாவது இப்படித்தான்.

வேரிலிருந்து மேலே ஏறும் கட்டளை

நுனி மட்டும்தான் கிளையை அடக்குகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2008-ல் ஒரே சமயத்தில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் குண்டைத் தூக்கிப் போட்டன. பிரான்ஸில் பட்டாணியை வைத்தும், ஜப்பானில் நெல்லை வைத்தும் ஆராய்ந்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: கிளையைத் தடுக்கும் இன்னொரு பொருள் இருக்கிறது, அது வேரிலும் உண்டாகி மேலே ஏறி வருகிறது! அதன் பெயர் ஸ்ட்ரைகோலாக்டோன்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் ஊர்ச் சோளக்காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் பயிரை வாட்டி எடுக்கிறதே சுடுமல்லி, அந்த ஒட்டுண்ணிக் களையிடமிருந்து! சுடுமல்லியின் அறிவியல் பெயர் ஸ்ட்ரைகா. அதன் விதை தூசி போல இருக்கும். பல வருஷங்கள் மண்ணுக்குள் பேசாமல் கிடக்கும். பக்கத்தில் ஒரு பயிரின் வேர் வந்து, இந்தப் பொருளைக் கசியவிட்டதும் விழித்து முளைத்து, அந்த வேரையே பிடித்து உறிஞ்சத் தொடங்கும். 1966-ல் இந்த வகைப் பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர்கள் களையை எழுப்புவது எது என்று தேடித்தான் போனார்கள். அதே பொருள் செடிக்குள் கிளைகளை அடக்கவும் பயன்படுகிறது என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

சரி, எதிரியை எழுப்பும் பொருளை வேர் ஏன் வெளியே விட வேண்டும்? 2005-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். அது நண்பனுக்கு விடும் அழைப்பு! வேரோடு ஒட்டி வாழ்ந்து மண்ணிலுள்ள பாஸ்பரஸைச் செடிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பூஞ்சைகள் இருக்கின்றன. வேர் உட்பூசணம் என்று உயிர் உரமாக விற்கிறார்களே, அதுதான். அந்தப் பூஞ்சையைக் கூப்பிடத்தான் செடி இதை விடுகிறது. சுடுமல்லி அந்த அழைப்பை ஒட்டுக்கேட்கிறது!

இப்போது முடிச்சைப் போட்டுப் பாருங்கள். மண்ணில் பாஸ்பரஸ் குறைந்தால் செடி இந்தப் பொருளை அதிகம் சுரக்கும். வெளியே போவது பூஞ்சையைக் கூப்பிடும். மேலே ஏறுவது "இப்போதைக்குப் புதுக் கிளை வேண்டாம்" என்று கண்களை அடக்கும். மண்ணின் வறுமையை வேர் அளந்து, கிளைகளின் எண்ணிக்கையை முடிவு செய்கிறது! வீடு கட்டும்போது அடித்தளத்துக்குத் தோண்டிய செம்மண்ணும் சிமென்ட் கழிவும் கலந்து கொட்டிய இடத்தில் கன்றை நட்டுவிட்டு, "ஏன் கிளைக்க மாட்டேன் என்கிறது?" என்று கேட்டால், அது ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.

இன்னொரு வியப்பையும் சொல்லாமல் நகர முடியவில்லை. ஆக்சின் தண்டில் மணிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். ஆனால் நுனியைக் கிள்ளிய சில மணி நேரத்திலேயே வெகு கீழே உள்ள கண் வளரத் தொடங்கிவிடுகிறது. ஆக்சின் குறைந்துவிட்டது என்ற சேதி அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே! அது எப்படி? 2014-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டாணியில் இதைக் கண்டுபிடித்தார்கள்: சர்க்கரை! நுனி விழுங்கிக்கொண்டிருந்த சர்க்கரை, நுனி போனதும் கீழே பாய்கிறது. அதுதான் கண்ணை முதலில் தட்டி எழுப்புகிறது.

மாவுக்கு என்று ஒரு குணம்

மேலே சொன்னதெல்லாம் எல்லாச் செடிகளுக்கும் பொது. மாவுக்கு இதற்கு மேலும் ஒரு தனிக் குணம் உண்டு. அது தொடர்ந்து வளர்வதே இல்லை, தெரியுமா?

ஒரு கிளை நுனி திடீரென்று தளிர்க்கும். சில நாட்களில் செம்பு நிறத்தில் ஒரு கொத்து இலைகள் தளர்ந்து தொங்கும். பிறகு பச்சை ஏறி, முற்றி, அந்த நுனி அப்படியே ஓய்ந்துவிடும். அடுத்த தளிர்ப்பு வாரங்கள் கழித்தும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். அதைவிட வியப்பு, ஒரே மரத்தின் எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் தளிர்ப்பதில்லை! பெரிய மாமரங்களைத் தை, மாசியில் நிமிர்ந்து பாருங்கள். ஒரு பக்கம் பூத்துக் குலுங்கும், மறுபக்கம் செந்தளிர் விட்டிருக்கும், நடுவில் ஒரு பகுதி எதுவும் செய்யாமல் கரும்பச்சையாக நிற்கும். இந்த முறை பூத்துக் காய்த்த கிளை ஓய்ந்திருக்கும்போது, பூக்காத கிளை தளிர்க்கும். மாவின் பிறவிக் குணம் அது. ஆகவே ஐந்து மாதக் கன்றில் மேற்குக் கிளை சும்மா இருக்கிறது என்றால், அதன் முறை இன்னும் வரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

அடுத்தது ஒட்டுக்கன்றின் தனி ரகசியம். ஒன்றரை அடி உயரம்தான் இருக்கும், நர்சரிப் பையிலேயே பூத்து நிற்கும்! சந்தூர்ப் பக்கமும் பெரியகுளம் பக்கமும் நர்சரிகளில் இதைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் எத்தனையோ பேர். அது எப்படிப் பூக்கிறது? ஒட்டுக் குச்சி குழந்தை இல்லை. ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருக்கும் தாய்மரத்தின் கிளை அது. கீழே உள்ள வேர்ச்செடிக்கு வயது மாதக் கணக்கு, மேலே உள்ள குச்சியோ பருவம் வந்த மரத்தின் துண்டு! பூ மாவில் கிளையின் நுனியில்தான் வரும். பூங்கொத்து வந்துவிட்டால் அந்த நுனியின் வளர்ச்சி அதோடு முடிந்தது. அந்தக் கிளை மறுபடி வளர, பக்கக் கண் விழிக்க வேண்டும். பூக்காத கிளையோ ஒவ்வொரு தளிர்ப்பிலும் அதே நுனியிலிருந்து நீண்டுகொண்டே போகும். ஒரு பக்கம் குட்டையாக நிற்பதற்கு இப்படி ஒரு சின்னப் பூங்கொத்தே காரணமாக இருக்கலாம். முதல் மூன்று வருஷம் பூவைக் கிள்ளிவிடச் சொல்கிறார்களே தோட்டக்கலைக்காரர்கள், மனசு கேட்காவிட்டாலும் கிள்ளிவிடுங்கள்.

மாவின் வடிவத்துக்கு ஓர் அதிகாரப்பூர்வப் பெயர் கூட இருக்கிறது! பிரான்ஸைச் சேர்ந்த பிரான்சிஸ் ஹாலே, நெதர்லாந்துக்காரரான ஓல்டுமன் இருவரும் வெப்பமண்டலக் காடுகளில் அலைந்து 1970-ல் ஒரு செய்தி சொன்னார்கள். உலகத்தில் மரங்கள் ஆயிரமாயிரம், ஆனால் அவை கிளைக்கும் திட்டங்கள் இருபத்து சொச்சம்தான்! ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தாவரவியலாளரின் பெயர் வைத்தார்கள். தென்னை கார்னர் திட்டம். இலவம் மசார் திட்டம். காப்பி ரூ திட்டம். நம் மா ஸ்காரோன் திட்டம்.

சமமில்லாததே கணக்கு!

கிளைகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால்தான் மரம் நல்ல மரம் என்று யார் சொன்னது? தெருவோரம் நிற்கிறதே நாட்டு வாதுமை, அடுக்கடுக்காகக் குடை விரித்த மாதிரி, அதன் ஒரு அடுக்கைக் கீழிருந்து பாருங்கள். கிளை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பிரிவுகளும் சமமாக இருக்காது. ஒன்று நீளம், மற்றது குட்டை. பிரியும் கோணமும் வேறு வேறு. 1978-ல் ஜப்பானியரான ஹிசாவோ ஹோண்டாவும் அமெரிக்கரான ஜாக் ஃபிஷரும் இதைக் கணிப்பொறியில் போட்டுப் பார்த்தார்கள். எந்தக் கோணத்தில் பிரிந்தால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் அதிக வெயிலைப் பிடிக்கும்? கணக்கில் வந்த கோணங்களும் மரத்தில் அளந்த கோணங்களும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன! அந்த ஏற்றத்தாழ்வில்தான் மரத்தின் சாமர்த்தியமே இருக்கிறது. இந்த வியப்புகளில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இதுதான்.

நிழல் விழும் முன்பே தெரிந்துவிடும்

கன்றுக்குப் பக்கத்தில் சுவரோ, பக்கத்து வீட்டு முருங்கையோ இருக்கிறதா? அந்தப் பக்கம் கிளை சுணங்கும். வெயில் படாததால் என்பீர்கள். அது பாதிதான். நிழல் இன்னும் விழாத நிலையிலேயே, பக்கத்தில் வேறொரு செடி இருப்பது செடிக்குத் தெரியும்! பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி எறியும். அந்த இரண்டின் விகிதத்தை அளக்க ஒவ்வொரு செடியிலும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. 1959-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் அதைக் கண்டறிந்தார்கள். தொலைசிவப்பு கூடினால் "அண்டை வீட்டுக்காரன் வருகிறான்" என்று பொருள். உடனே செடி பக்கக் கிளைகளைச் சுருக்கி உயரத்துக்குத் தாவும்.

திசை விஷயத்திலும் நம் ஊருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே! ஆக வருஷத்தின் ஒரு பகுதியில் வடக்குக் கிளைக்கு வாய்ப்பு, மறு பகுதியில் தெற்குக் கிளைக்கு. ஒரு பருவத்தைப் பார்த்துவிட்டு மரத்தின் வடிவத்தை முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

சக்கரத்தில் சுற்றிய விதைகள்

1806. இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற தோட்டக்கலைஞர் தன் தோட்டத்து ஓடையில் ஒரு நீர்ச்சக்கரம் அமைத்து, அதில் விதைகளைக் கட்டி, இடைவிடாமல் சுழல விட்டார். விதைகள் முளைத்தன. வேர்கள் எல்லாம் சக்கரத்துக்கு வெளியே நீண்டன, தண்டுகள் எல்லாம் சக்கரத்தின் நடுவைப் பார்த்து நீண்டன! மேல் எது, கீழ் எது என்று செடிக்குச் சொல்வது ஈர்ப்பு விசைதான் என்று அன்றைக்கு உறுதியானது.

கிளைக்கும் அது தெரியும். செங்குத்தாக நிற்கும் கிளை வேகமாக ஓடும், படுக்கையாகச் சாய்ந்தது நிதானிக்கும். கொய்யா விவசாயிகள் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? நேரே ஓங்கி வளரும் கிளைகளை வளைத்து, தரையில் முளையடித்துக் கட்டிவிடுகிறார்கள். வளைந்த கிளையின் மேல்புறம் முழுக்கக் கண்கள் விழிக்கின்றன, ஒவ்வொன்றிலும் பூ! ஒரு வெட்டு இல்லை, ஒரு மருந்து இல்லை. உங்கள் கன்றிலும் இதையே செய்யலாம். ஓடும் கிளையை ஒரு துணிக் கயிற்றால் கொஞ்சம் வெளிப்புறமாகச் சாய்த்துக் கட்டுங்கள். சோம்பும் கிளையைக் கொஞ்சம் நிமிர்த்தி விடுங்கள். அடுத்த தளிர்ப்பில் வித்தியாசம் குறையத் தொடங்கும்.

ஆப்பிள், அத்தி வளர்ப்பவர்கள் இன்னும் நுணுக்கமாக ஒன்று செய்கிறார்கள். உறங்கும் கண்ணுக்குச் சற்று மேலே பட்டையில் மெல்லிய கீறல் ஒன்று. மேலிருந்து வரும் ஆக்சின் அந்த இடத்தில் தடைப்படுகிறது. கீழே உள்ள அந்த ஒரு கண் மட்டும் விழித்துக்கொள்கிறது!

கிளைக்கும் நினைவு உண்டு

நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கிறார்களே, அந்த அரக்கேரியா இனத்தில் பக்கக் கிளை ஒன்றை வெட்டி வேர்பிடிக்க வைத்தால் என்ன ஆகும்? உயிர் பிழைக்கும், வளரும். ஆனால் ஒருபோதும் நேராக நிற்காது. தனி மரமாக ஆன பிறகும், தான் ஒரு பக்கக் கிளை என்பதை அது மறப்பதில்லை, படுக்கையாகவே போய்க்கொண்டிருக்கும்! மிளகிலும் இதே கதைதான். ஏறும் கொடியின் தண்டை நட்டால் கொடியாக ஏறும். காய்க்கும் பக்கக் கிளையை வேர்பிடிக்க வைத்தால் ஏறவே ஏறாது, தொட்டியில் புதராக நின்று காய்க்கும். மாடித் தோட்டத்துக்காரர்கள் கொண்டாடும் புதர் மிளகு அப்படிப் பிறந்ததுதான்.

கிளை மட்டுமல்ல, முழு மரமே சாய்ந்து நிற்பதும் உண்டு. அரக்கேரியா இனத்திலேயே குக் பைன் என்று ஒன்று, தாயகம் பசிபிக்கின் நியூ கலிடோனியா. 2017-ல் ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. வடகோளத்தில் நிற்பவை தெற்கே சாய்ந்திருந்தன, தென்கோளத்தில் நிற்பவை வடக்கே. எல்லாம் நிலநடுக்கோட்டைப் பார்த்து! சராசரிச் சாய்வு எட்டரை டிகிரி. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போகச் சாய்வு கூடுகிறது.

ஒரே நாளுக்குள் சாய்வு மாறும் மரமும் உண்டு. வங்காளத்தின் ஃபரித்பூரில், இன்றைய வங்கதேசத்தில், சாய்ந்த பேரீச்சை ஒன்று இருந்தது. கோயில் மணி அடிக்கும் மாலை வேளையில் அது குனிந்து ஓலைகளைத் தரையில் வைக்கும், காலையில் எழும்! ஊரே கூடி வழிபட்டது. அறிவியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ் கருவி பொருத்தி நாள் முழுக்க அளந்தார். பகலில் வெப்பநிலை ஏற ஏற மெல்லக் குனிந்து, இரவில் அது இறங்க இறங்க எழுந்தது மரம். காரணம் தெரிந்துவிட்டது.

இறுக்கிக் கட்டாதீர்கள்

நட்டவுடன் ஒரு சவுக்குக் கழியை நட்டு, கன்றை அசையாமல் இறுக்கிக் கட்டுவது நம் வழக்கம். சக்கரத்தில் விதையைச் சுற்றிய அதே நைட், 1803-ல் இளம் ஆப்பிள் மரங்களில் சிலவற்றை அசையாமல் கட்டினார், சிலவற்றைக் காற்றில் ஆட விட்டார். ஆடிய மரங்களின் அடித்தண்டு தடித்தது, கட்டிய மரங்கள் மெலிந்தே நின்றன. ஒரு மரத்தை வடக்கு தெற்காக மட்டும் அசையும்படி கட்டியிருந்தார். அதன் தண்டு அந்தத் திசையில் மட்டும் தடித்து முட்டை வடிவமாகிவிட்டது! காற்று அசைக்க அசைக்கத்தான் மரம் தன்னைத் தாங்கக் கற்கிறது. எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள், ஒரு வருஷத்துக்குள் கழியை எடுத்துவிடுங்கள்.

சாய்ந்த கிளை தன்னைத் தாங்கும் விதமும் ஓர் அதிசயம். மா, வேம்பு போன்ற மரங்கள் கிளையின் மேல்பக்கத்தில் தனி வகைக் கட்டையை உண்டாக்கி மேலே இழுக்கும். பைன் வகைகள் கீழ்ப்பக்கத்தில் உண்டாக்கிக் கீழிருந்து தள்ளும்!

கிளை உயரப் போகாது!

இது நிறைய பேருக்குத் தெரியாது. கன்றில் இன்று ஓரடி உயரத்தில் இருக்கும் கிளை, மரம் முப்பது அடி ஆன பிறகும் ஓரடி உயரத்தில்தான் இருக்கும்! மரம் நுனியில்தான் நீள்கிறது. கீழே நடப்பது தடிப்பது மட்டும். தண்டில் இன்று அடித்த ஆணி ஐம்பது வருஷம் கழித்தும் அதே உயரத்தில்தான் இருக்கும். "வளர வளர மேலே போயிடும்" என்று விட்ட கிளை பிற்காலத்தில் முழங்காலில் இடிக்கும். மாவுக்கு இரண்டு, இரண்டரை அடிக்கு மேல் மூன்று நான்கு கிளைகள், ஒரே இடத்திலிருந்து கிளம்பாமல் மேலும் கீழுமாக, வேறு வேறு திசைகளில் இருந்தால் போதும்.

இரண்டு கிளைகள் குறுகிய கோணத்தில் ஒட்டிக்கொண்டு எழுந்தால் மட்டும் கவனம் தேவை. நடுவே பட்டை சிக்கிக்கொள்ளும், கட்டையோடு கட்டை சேராது, பெருங்காற்றில் பிளக்கும். அந்த ஒன்றைச் சின்னதிலேயே எடுத்துவிடலாம். மற்றபடி முதல் வருஷம் வெட்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வோர் இலையும் வேருக்குச் சோறு போடுகிறது. ஓடும் கிளையை அடக்கியே ஆக வேண்டும் என்றால் அதன் நுனியை மட்டும் கிள்ளுங்கள், மெலிந்த கிளையைத் தொடாதீர்கள். மாவில் கிள்ளும் இடத்துக்கும் கணக்கு உண்டு. தளிர்ப்பு முடிந்த இடத்தில் இலைகள் நெருங்கி ஒரு வளையம் போல இருக்கும். வளையத்துக்கு மேலே வெட்டினால் ஒரே இடத்தில் ஏழெட்டுக் கிளைகள் முண்டியடிக்கும். வளையத்துக்குக் கீழே வெட்டினால் இரண்டு மூன்று மட்டும் இடம்விட்டு வரும்.

கிளையை முழுசாக எடுக்க நேர்ந்தால், அது தண்டோடு சேரும் இடத்தில் லேசாகப் புடைத்திருக்கிறதே, அந்தக் கழுத்தை விட்டு வெட்டுங்கள். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷிகோ மரங்களைச் சங்கிலி வாளால் நீளவாக்கில் பிளந்து பிளந்து வாழ்நாளெல்லாம் பார்த்தார். மரத்தின் காயம் நம் காயம்போல ஆறுவதில்லை! பழுதான கட்டையைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, மேலே புதுக் கட்டையை வளர்க்கிறது. அந்தச் சுவர் எழும் இடம்தான் அந்தக் கழுத்து.

காத்திருக்கக் கூடாத ஒன்று

இவ்வளவு நேரம் பொறுங்கள் பொறுங்கள் என்று சொன்னதற்கு ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. மாங்கன்றின் அடியில் ஒட்டுக் கட்டிய இடம் தெரியும், சற்றுத் தடித்தோ வளைந்தோ, சில சமயம் பிளாஸ்டிக் நாடா கூட அவிழ்க்காமல் இருக்கும். அந்த இடத்துக்கு மேலே இருப்பது நீங்கள் விரும்பி வாங்கிய ரகம். கீழே இருப்பது ஏதோ ஒரு நாட்டு மாங்கொட்டையில் முளைத்த வேர்ச்செடி. அடியிலிருந்து கிளம்பும் தளிருக்கு வேர் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் வெறிகொண்டு வளரும். மேலே இருக்கும் ஒட்டு மெல்ல மெல்ல நலிந்து ஒருநாள் பட்டுப்போகும். நாலைந்து வருஷம் கழித்து "அல்போன்சா என்று வாங்கினேன், நார்க்காய் காய்க்கிறது" என்று குறைப்படும் பலருடைய கதை இதுதான். இலையை ஒப்பிட்டுப் பாருங்கள், வடிவம் வேறாக இருக்கும். கசக்கி முகர்ந்து பாருங்கள், வாசனையும் பெரும்பாலும் வேறாக இருக்கும்.

ஆகவே உங்கள் கன்றில் ஒரு கிளை மட்டும் அதிவேகமாக ஓடுகிறது என்றால், முதலில் குனிந்து அது எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். ஒட்டுக்கு மேலே என்றால் சந்தோஷமாக விட்டுவிடுங்கள், அடுத்த தளிர்ப்புவரை பொறுங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் இன்றைக்கே அடியோடு எடுத்துவிடுங்கள். பழைய நாடா இறுக்கிக்கொண்டிருந்தால் அதையும் அவிழ்த்துவிடுங்கள்.